மனை விலையோடு செலவு முடிவதில்லை



என் தங்கை ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மில் வேலை, கையில் இரண்டு வயதுக் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வத்திராயிருப்புக்கு ஓடி வந்தாள். "யக்கா, மூணு சென்ட் மனை ஒண்ணு வந்திருக்கு. பதினாலு லட்சம் சொல்றாங்க. சீட்டுப் பணம், நகை, மாமனார் தர்றது எல்லாம் சேர்த்தா சரியா வந்துரும்" என்றாள்.

"பத்திரச் செலவுக்கு?" என்று கேட்டேன். பேச்சு நின்று போய்விட்டது.

நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். புடவை எடுத்தால்கூட ஃபால்ஸ், பிளவுஸ் தையல் கூலி எல்லாம் கூட்டிப் பார்ப்போம். மனை என்றால் மட்டும் விலையோடு கணக்கை மூடிவிடுவோம்.

நம் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 9. பதினாலு லட்சத்துக்கு 1,26,000 ரூபாய்! எழுத்துக் கூலி, வக்கீல் செலவு தனி. கேட்டதும் தங்கை முகம் வாடிவிட்டது. 2017-லிருந்து பதிவுக் கட்டணமே 4 சதவிகிதமாக இருந்தது. 2023 ஏப்ரலில்தான் 2 ஆக்கினார்கள். குறைத்தார்களே என்று சந்தோஷப்பட முடியாது. 2017-ல் குறைத்திருந்த வழிகாட்டி மதிப்பை அதே சமயத்தில் திரும்ப ஏற்றிவிட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற கதை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 8-ம் 2-ம் சேர்ந்து 10 என்பதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம்!

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் மூன்று ஊரிலும் மனை பார்த்தோம். அதே மூன்று சென்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, 9,80,000 சொன்னார்கள். எங்கள் ஊரில் ஆறு லட்சம். இங்கே தண்ணீரும் காற்றும் நல்லது, வயல் பக்கம் வீடு என்று நான் பெருமை பேசினேன். ஆனால் மாப்பிள்ளை ஷிப்ட் வேலைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வர பஸ் ஏது? எனக்கு ஆசைதான், இருந்தாலும் அந்த யோசனையை நானே விட்டுவிட்டேன்.

ராஜபாளையத்துத் தரகர் விடவில்லை. "பத்திரத்துல எட்டு லட்சம்னு போட்டுக்கலாம்மா. வழிகாட்டி மதிப்புக்குக் குறையாது. மீதியை ரொக்கமாக் குடுத்துருங்க, பத்திரச் செலவுல அறுபதாயிரம் மிச்சம்" என்றார். தங்கைக்கு ஆசை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். மனை விற்கிறவர் ரொக்கமாக இருபதாயிரமோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கின அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாளைக்கு அவர் மனசு மாறினால், ரொக்கமாகக் கொடுத்த ஆறு லட்சத்துக்கு நம்மிடம் என்ன சாட்சி? பின்னால் நாமே விற்கும்போது, எட்டு லட்சத்துக்கு வாங்கினதாகத்தான் கணக்கு. அந்த ஆறு லட்சமும் லாபமாகி, வரி நம் தலையில் விழும்.

இப்போது சொல்லப் போவதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள வீடு, மனை, நிலத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூர் மனை மாப்பிள்ளை பெயரில் என்றால் 88,200. தங்கை பெயரில் என்றால் 78,400. மதிப்பு பத்து லட்சத்தைத் தாண்டினால் சலுகை இல்லை. டில்லியில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 4 சதவிகிதம் என்று தீர்வையே குறைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த அளவு இல்லை, இருந்தாலும் 9,800 ரூபாய் லேசா?

"பொம்பளை பேர்ல எதுக்கு?" என்று சம்பந்தியம்மா முணுமுணுத்தார். மாப்பிள்ளை நல்லவர். "நகை அவளோடதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாங்கள் பட்டிருக்கிறோம். 2014-ல் அங்கீகாரம் இல்லாத மனையை வாங்கிவிட்டோம். 2016-ல் அப்படிப்பட்ட மனைகளின் பதிவை ஐகோர்ட் நிறுத்தியபோது விற்கவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகு கட்டணம் கட்டித்தான் மீண்டோம். அந்த இரண்டு வருஷமும் எனக்குத் தூக்கம் இல்லை. அதனால் முதலில் டிடிசிபி அங்கீகார எண்ணைக் கேளுங்கள். வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கத்தையும் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் நம் செலவில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். விற்கிறவர் கூட்டி வருகிற வக்கீல் வேண்டாம். கோயில் நிலமா என்றும் விசாரியுங்கள், நம் பக்கத்தில் அது நிறைய.

இன்னொன்று. அப்பா, அம்மா தங்கள் சொத்தைப் பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதினால் தீர்வை 1 சதவிகிதம்தான், அதிகபட்சம் 40,000; பதிவுக் கட்டணமும் 1 சதவிகிதம், அதிகபட்சம் 10,000. பிறந்த வீட்டில் மனை இருந்தால், வெளியே வாங்குமுன் அங்கே ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

தங்கை போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மனையைத் தன் பெயரில் பதிந்தாள். பட்டா மாறுதல் இன்னும் வரவில்லை. அது கைக்கு வந்த பிறகுதான் கடைக்கால் தோண்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.