அந்திம காலத்தில் சங்கீதம்

தீராத வியாதியால் படுக்கையில் கிடப்பவருக்குச் சங்கீதம் எதற்கென்று சிலர் கேட்கலாம். கனடா தேசத்து அனுபவம் இதற்குத் தக்க விடையாகும். 1975-ம் வருஷத்தில் மாண்ட்ரீல் நகரின் ராயல் விக்டோரியா வைத்தியசாலையில், குணப்படுத்த இயலாதவர்களின் வேதனையைத் தணிப்பதற்கென்றே டாக்டர் பால்பர் மவுண்ட் தனிப்பகுதியொன்றை அமைத்தார். அங்கே சங்கீதமும் சிகிச்சையில் இடம் பெற்றது. சங்கீத சிகிச்சையில் தேர்ந்த சூசன் மன்றோ அம்மையாரும் அவரும் தாங்கள் கண்டவற்றை 1978-ல் கனடா வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டனர்.

நோவு தேகத்தை மட்டும் பற்றியதன்று. மனத்தையும் குடும்பத்தையும் பற்றியது. இதை வற்புறுத்தியவர், 1967-ல் லண்டனில் ஸெயிண்ட் கிறிஸ்டபர் இல்லத்தைத் திறந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார். மார்பைன் தேகவலியைத் தணிக்கும். அச்சத்தையும் தனிமையையும் போக்குமோ? மார்பைனுக்குப் பதிலாகச் சங்கீதத்தை அளிப்பது கொடுமை. மார்பைனோடு நின்றுவிடுவதோ அரைவேலை.

ஆனால், கூடத்தில் ரேடியோவைத் திருகிவிடுவது சிகிச்சையாகாது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கே உரியது. அவர் வேண்டாமென்றால் மௌனமே மருந்து. பயிற்சி பெற்றவர், நோயாளியின் மூச்சின் வேகமறிந்து காலப்பிரமாணத்தை அமைத்துப் படிப்படியாகத் தாழ்த்துவார். வாய்விட்டு விடைபெற முடியாத வீட்டார், உடன் பாடியேனும் விடைபெறுவர்.

நம் நாட்டில் கேரள சர்க்கார் 2008-லேயே இத்தகைய பராமரிப்புக்கென ஒரு கொள்கையை வகுத்தது. இப்பராமரிப்பு நடைபெறும் வைத்தியசாலைகள்தோறும், சம்பளம் பெறும் சங்கீத சிகிச்சையாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை. இதை ஆடம்பரமென்று தள்ளுவோர், தம் தாயாரின் கடைசிப் படுக்கையருகே ஓரிரவு உட்கார்ந்திருந்து பிறகு பேசட்டும்.