தடை எங்கே இருக்கிறது?

போன வாரம் காலை நிகழ்ச்சி நடுவில் என் ஹெட்போனின் இடப்பக்கம் கரகரத்து அடங்கிவிட்டது. புதுசுதான் வாங்க வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன். டெக்னீஷியன் அண்ணன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். "ஸ்பீக்கர் நல்லாத்தான்மா இருக்கு. ஜேக்ல பற்ற வச்ச இடம் விட்டுப்போச்சு." பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினார். 0.4 ஓம். எதையுமே அளக்காதபோது! "அது மீட்டர் வயரோட சொந்தத் தடை. அதையும் சேர்த்துத்தான் காட்டும்."

பல ஹெட்போன்களின் காந்தத்தில் இருப்பது நியோடிமியம். குவாந்தான், கெபெங் ஆலைச் செய்தி வரும்போதெல்லாம் அடிபடும் 'அரிய மண்' தனிமங்களில் ஒன்று. இதை இரிடியம், ஆக்சிஜனோடு சேர்த்தால் பைரோகுளோர் அமைப்புள்ள படிகம் கிடைக்கும். அறை வெப்பத்தில் மின்சாரம் போகும். மைனஸ் 240 டிகிரி செல்சியஸ் வாக்கில் குளிர்வித்தால் கடத்தாப் பொருளாக மாறும். மின்சாரத்தைச் சுமப்பது இரிடியத்தின் எலெக்ட்ரான்கள்தான். ஆனாலும் நியோடிமியத்துக்குப் பதிலாக, தனிம அட்டவணையில் அதன் பக்கத்து வீட்டுக்காரரான, சற்றே பெரிய பிரசியோடிமியத்தை வைத்தால் அந்த மாற்றமே வராது. சும்மா நிற்பவரின் உடல்வாகுக்கு இவ்வளவு செல்வாக்கு!

இதை அளப்பதுதான் பெரும்பாடு. படிகமோ மிளகைவிடச் சிறியது. கம்பி ஒட்டிய இடத்தின் தடையே படிகத்தின் தடையை மிஞ்சிவிடலாம். அதனால் நான்கு கம்பிகள் வைக்கிறார்கள். வெளி இரண்டில் மின்சாரம் போகும், உள் இரண்டு மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். உள் கம்பிகளில் மின்னோட்டம் அநேகமாக இல்லாததால், ஒட்டிய இடத்தின் தடை கணக்கில் வராது.

பொடியை அழுத்திச் சுட்ட வில்லையில் இந்த உபாயமும் போதாது. மணிக்கும் மணிக்கும் நடுவே எண்ணற்ற இணைப்புகள். ஆகவே ஒரே படிகமாக வளர்க்க வேண்டும். ஒரு வழி, பிரஷர் குக்கர் போன்ற தடித்த எஃகுக் கலத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உள்ள நீரில் பொருளைக் கரைத்து மெல்லப் படியவிடுவது. கடிகாரக் குவார்ட்ஸ் அப்படித்தான் வளர்கிறது. டைட்டானியம், வெள்ளீயம் சேர்ந்த அரிய மண் பைரோகுளோர்களும் அப்படி வளர்கின்றன. இரிடியப் படிகங்களைப் பெரும்பாலும் உருகிய உப்பில் வளர்க்கிறார்கள். அப்போதும் இரிடியத்தின் இடத்தில் அரிய மண் அணு கொஞ்சம் புகுந்துவிட்டால், ஒரே பெயருள்ள இரண்டு படிகங்கள் இரண்டு விதமாகத் தடை காட்டும்.

ஜேக்கைத் திரும்பப் பற்ற வைக்க அண்ணனுக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது.