கணக்கில் வராத கன்னடம்

சாமை அறுப்பு முடிந்ததும் ஜவ்வாதுமலையில் பல ஊர்கள் பாதி காலியாகிவிடும். வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். குடும்பம் குடும்பமாக வண்டி ஏறுவார்கள். குடகுக்குக் காப்பி பறிக்க ஒரு கூட்டம், கேரளத்துக்கு மிளகு பறிக்க ஒரு கூட்டம், ஆந்திரப் பக்கம் கிடைத்த வேலைக்கு இன்னொரு கூட்டம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற இளவட்டங்கள் தனி. திரும்பி வரும்போது முன்பணம் கழித்துக் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பது பெரும் வயிற்றெரிச்சல், அதை இன்னொரு இதழில் எழுதுவோம். பணம் மிஞ்சாவிட்டாலும் பலருக்கு ஒரு மொழி மிஞ்சியிருக்கும். இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது.

ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் போளூர் வண்டிக்காகக் காத்திருக்கும் ஐம்பது வயது அம்மா ஒருவரிடம், எத்தனை மொழி தெரியும் என்று கேட்டுப்பாருங்கள். "எனக்கு இன்னா பாஷை தெரியும், தமிழுதான்" என்பார். குடகில் எத்தனை வருடம் வேலை என்று கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து என்பார். அங்கே கணக்கு எழுதும் ரைட்டரிடம் எப்படிப் பேசுவீர்கள்? "கன்னடத்துலதான்." கடையில்? "அதுவும் கன்னடந்தான்." அப்படியென்றால் கன்னடம் தெரியுமே? இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரிப்பார். "அது வேலைக்குப் பேசறதுங்க. அதெல்லாம் தெரியும்னு சொல்ல முடியுமா?"

அந்தப் பதிலில் இரண்டு நம்பிக்கைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நாலு பேரோடு இருந்தால் எந்தப் பேச்சும் வந்துவிடும் என்பது ஒன்று. அப்படி வந்தது எதுவும் படிப்பில் சேராது என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கை மலைக்காரர்கள் அனுபவத்தில் கண்டது. இரண்டாவதை மலைக்கு ஏற்றிவிட்டவர்கள் நாம்.

முதல் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். எஸ்டேட்டுக்குப் புதிதாகப் போன பெண் முதல் வாரம் வாய் திறப்பதில்லை. பக்கத்து வரிசைக்காரி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிறாள். அடுத்து வருவது எண்: பறித்த பழத்தை எடை போடும்போது கன்னடத்தில் எண்ணத் தெரியாவிட்டால் கூலியில் கை வைத்துவிடுவார்கள். பிறகு கெஞ்சல், ஏச்சு, பேரம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள்தான். சிரித்துவிட்டுப் பதிலும் சொல்வார்கள், வேலை நடந்தாக வேண்டுமே. மேஸ்திரி ஒருவரே மூன்று மொழியில் சண்டை போடுவதைத் தினமும் பார்ப்பவளுக்கு, இது பிறவி மேதைகளின் காரியம் என்ற எண்ணமே வருவதில்லை.

இப்போது பள்ளிக்கு வருவோம். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், வனத்துறை நடத்தும் பள்ளிகள், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் எல்லாம் மலையில் உண்டு. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்த பிறகு, கீழ்நாட்டில் காதில் விழும் ஒரு வாசகம் மலையிலும் விழுகிறது: "இந்தப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் ஏறாது." சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், மலைப்பாதையில் நாள்தோறும் வந்துபோகும் ஆசிரியர்களே அவர்களில் பலர். ஆனால் மலைத் தமிழில் பேசும் பிள்ளையை முதல் நாளே "சரியாப் பேசு" என்று திருத்துகிறார்கள். பாடநூல் தமிழ் அந்தப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட இரண்டாவது மொழி என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தாய்ப்பேச்சே தப்பு என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை ஆங்கிலத்துக்கு எப்படி வாய் திறக்கும்?

பெற்றோருடன் குடகுக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளையின் கதை இன்னும் விசித்திரம். வருகைப் பதிவேட்டில் அது இடைநிற்றல். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு முற்றத்தில் கன்னடப் பிள்ளைகளோடு விளையாடி, அப்பனைவிட நன்றாகக் கன்னடம் பேசுகிற அளவுக்கு அந்தப் பிள்ளை தேறியிருக்கலாம். வகுப்பில் அதை யாரும் கேட்பதில்லை, பிள்ளையும் சொல்வதில்லை. படிப்பைக் கெடுத்துக்கொண்டு பிள்ளைகள் எஸ்டேட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. போய் வந்துவிட்ட பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கழித்தல் குறி போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறோம்.

மொழி கற்பதைப் பற்றி மனிதர்கள் வைத்திருக்கும் நம்பிக்கைகளை ஆராய்வதற்கென்றே ஒரு துறை உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ஹார்விட்ஸ் 1980-களில் இதற்காக ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார். மொழி சிலருக்கு மட்டும் வாய்த்த வரமா, பெரியவர்களைவிடக் குழந்தைகள் எளிதாகக் கற்கிறார்களா, சரியாகச் சொல்ல வரும்வரை வாய் திறக்காமல் இருப்பது நல்லதா என்பது போன்றவை அதில் வரும். பின்னர் ஏமி தாம்ப்சன் போன்றவர்கள் துருக்கி மாணவர்கள் உட்பட பலரிடம் இதே வழியில் ஆராய்ந்தார்கள். பல மொழி தெரிந்திருப்பது மட்டும் போதாது, தனக்குத் தெரிந்த ஒரு மொழி இன்னொன்றைக் கற்க உதவுகிறது என்று ஒருவர் உணர்கிறாரா என்பதும் முக்கியம் என்று அவர்கள் வாதிட்டார்கள். மொழிகளுக்கு இடையில் அந்த உதவியைக் கண்டுகொண்டவர்களின் நம்பிக்கைகள் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தன. இந்தக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களின் மேசைக்கே போகின்றன. காப்பித் தோட்டத்துக்குப் போனால் விடைகள் வேறு மாதிரி இருக்கும் என்பது எங்கள் ஊகம். ஜமுனாமரத்தூர் அம்மாவுக்கு அந்த உதவி கிடைக்கத்தான் செய்கிறது. கன்னடம் பழகியவருக்குத் தெலுங்கு சீக்கிரம் பிடிபடுகிறது. அதற்குக் காரணம் தன்னிடம் உள்ள அறிவு என்று மட்டும் அவர் நினைப்பதில்லை. நினைக்காதவர் தன் பேத்தியிடம், "நான் கத்துக்கிட்டேன், நீயும் கத்துக்குவ" என்று எப்படிச் சொல்வார்? "எனக்குத்தான் படிப்பு வரல, நீயாவது படி" என்கிறார்.

மலையின் நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. கூட இருந்தால் பேச்சு வரும், எழுத்து வராது. ஆந்திரக் காட்டில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாதுமலைக்காரர்களும் அதில் உண்டு. அதற்கு முன் 2013 டிசம்பரில் ஆந்திர வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டு, 2016-இல் திருப்பதி நீதிமன்றம் விடுவிக்கும்வரை வழக்கில் கட்டுண்டு கிடந்தார்கள். தோப்பில் பேசிப் பழகிய தெலுங்கை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதும் தெலுங்கைப் படிக்க முடியாது. கூலிக் கணக்கு நோட்டிலும் இதே கதைதான். ஆகவே பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாய் இல்லை. எழுத்தைத் தர வேண்டியது பள்ளிதான். வாயில் ஏற்கெனவே இருப்பதை மதித்து, அங்கிருந்து தொடங்கித் தரலாம். நான்காம் வகுப்பில், "உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன மொழி பேசுவார்கள்?" என்று ஒரு பட்டியல் போடவைத்தால் போதும், கரும்பலகை நிறைந்துவிடும். பாட்டியை ஒரு நாள் வரவழைத்துக் கன்னடத்தில் நூறுவரை எண்ணச் சொல்லலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியோடு, தெரிந்த பிற மொழிகள் இரண்டையும் கேட்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பேசினாலே போதும் என்று கணக்கெடுப்பாளருக்கு அறிவுரையும் உண்டு. 2011 கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கு இரண்டு மொழியாவது தெரியும், 7 விழுக்காட்டினருக்கு மூன்று மொழி. "அது வேலைக்குப் பேசறது" என்று சொன்னவர்களையும் சேர்த்திருந்தால் இந்த எண்கள் எங்கே போய் நின்றிருக்கும்?

அடுத்த கணக்கெடுப்பில் ஆள் எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில். அந்த மாதத்தில் குடகில் ரொபஸ்டா பறிப்பு முடிந்திருக்காது. மிளகு வேலையும் தொடங்கியிருக்கும். மலையில் கணக்கெடுக்க வீடு வீடாகப் போகும் ஆசிரியர் பல கதவுகளில் பூட்டைத்தான் பார்ப்பார். குடகின் லைன் வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர், என்னென்ன மொழி தெரியும் என்று கன்னடத்தில் கேட்பார். தமிழ் மட்டும்தான் என்று கன்னடத்திலேயே பதில் வரும். அவர் அதை அப்படியே பதிந்துகொள்வாரா, எதிரே நிற்பவரை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாரா என்பது அவருக்குக் கொடுக்கப்படும் பயிற்சியைப் பொறுத்தது. அந்தப் பயிற்சியில் இந்த ஒரு கேள்விக்காக அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலக் கணக்கெடுப்பு இயக்குநர்களுக்கும் எழுத இருக்கிறோம். எங்களோடு சேர்ந்து கையெழுத்திட விரும்புவோர் இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போட்டுவிடுங்கள்.