பூஜ்யம் பார்த்தால் போதுமா?

மதுரையில் கார் வைத்திருப்போர் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு வெகுவிரைவில் பெட்ரோல் பங்க்கை நோக்கித் திரும்பிவிடுகிறது. காளவாசலில் இன்ன பங்க் நல்லது, மாட்டுத்தாவணிப் பக்கம் இன்ன பங்க்கில் அளவு குறைகிறது, திருமங்கலம் தாண்டிப் போட்டால் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது. நாள்தோறும் விலை மாறும் முறை 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. ஆனாலும் ஒரே ஊரில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் விலைகளுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இருப்பதில்லை. ஆக, நாம் தேர்ந்தெடுப்பது விலையை அன்று, நம்பிக்கையை. அந்த நம்பிக்கை எதன்மீது நிற்கிறது என்பதே நமது கேள்வி.

பெரும்பாலும் அது செவிவழிச் செய்திகளின்மீதே நிற்கிறது. விடியற்காலையில் போட்டால் குளிர்ச்சியால் அடர்த்தி கூடி அதிகம் கிடைக்கும் என்பது ஒன்று. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அது இருப்பது நிலத்தடித் தொட்டியில். மதுரையின் சித்திரை வெயில் அங்கே ஒரே பகலில் இறங்கிவிடுவதில்லை. ஐந்நூறுக்குப் பதில் ஐந்நூற்றுப் பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது மற்றொன்று. இயந்திரத்தின் அளவீடே குறைவாகத் திருத்தப்பட்டிருந்தால் எந்தத் தொகைக்கும் அதே விகிதத்தில்தான் குறையும். 2017 ஏப்ரலில் லக்னோவில் காவல்துறையினர் நடத்திய சோதனைகளில், பங்க் இயந்திரங்களுக்குள் மின்னணுச் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தது அம்பலமானது. இத்தகைய திருட்டை நம்முடைய பத்து ரூபாய்ச் சாதுரியம் தடுத்துவிடாது.

எஞ்சியிருப்பது பூஜ்யம். 'ஜீரோ பாத்துக்கங்க சார்' என்று ஊழியர் சொல்வதும், நாம் தலையசைப்பதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. கணக்கு எங்கே தொடங்கியது என்பதைத்தான் பூஜ்யம் சொல்லும். லிட்டர் லிட்டர்தானா என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய கருவிகள் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கின்றன. முத்திரையிடப்பட்ட ஐந்து லிட்டர் அளவை இருக்கிறது. அதில் பிடித்துக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர்வரை மட்டுமே வேறுபாடு பொறுத்துக்கொள்ளப்படும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்: தூய பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகிவிடும். அன்றைய அடர்த்தியைக் காட்டச் சொல்லி, அடர்த்திமானியில் ஒப்பிடலாம். இவற்றுக்குக் கட்டணம் ஏதுமில்லை. இருந்தும், இவற்றைக் கேட்டுப் பெற்ற ஒருவரையேனும் நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

காரணம் அறியாமை மட்டுமன்று, கூச்சமும்தான். பின்னால் வண்டிகள் நிற்கின்றன, ஒலிப்பான் அலறுகிறது, ஐந்து நிமிடத்துக்காக ஒரு காட்சியை உருவாக்க மனம் ஒப்புவதில்லை. எனவே கேள்வியை விழுங்கிவிட்டு, குழாய் பிடித்து நிற்கும் ஊழியரைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம். அடுத்த முறை பங்க்கை மாற்றுகிறோம். சொற்பக் கூலிக்கு வெயிலில் நிற்கும் அந்த மனிதருக்கு இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிய வாய்ப்பே இல்லை. அளவையைக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. கேட்காமல் ஐயுறுவதுதான் அவமதிப்பு.

நாம் கூசுகிற இந்தச் சோதனையைக் கடமையாகச் செய்ததற்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், கலப்படத்துக்காக உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் ஒரு பங்க்குக்கு முத்திரை வைத்தவர். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 27. அவர் பெயரை நினைவுகூர்வதைவிட, அவர் சரிபார்த்ததை நாமும் சரிபார்ப்பதே அவருக்கான அஞ்சலி என்று தோன்றுகிறது.

தமிழகச் சிறைத்துறை இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து கோவை, பாளையங்கோட்டை உள்ளிட்ட ஊர்களில் சிறைவாசிகளைக் கொண்டு பங்க்குகள் நடத்துகிறது. 'அங்கே அளவு சரியாக இருக்கும்' என்று சொல்லித் தேடிப் போவோர் உண்டு. தண்டனை பெற்றவரின் கையை நம்புகிற அளவுக்குக்கூட வெளியில் இருக்கும் வணிகத்தை நம்ப இயலவில்லை என்றால், அது வணிகத்தின்மேல் சுமத்தப்படும் கடுமையான தீர்ப்பு. அதுவும் அளந்து பார்க்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு!

இதுகாறும் சாமானியரிடம் இருந்த ஒரே அளவுகோல் மைலேஜ். அதுவும் இப்போது கைவிட்டுப் போகிறது. 2025க்குள் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்பிலான கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. அதாவது லிட்டருக்கு பதினைந்து கிலோமீட்டர் ஓடிய கார் பதினான்கு ஓடும். எத்தனால் கரும்பு விவசாயிக்கு வாழ்வளிக்கும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. அலங்காநல்லூர் சர்க்கரை ஆலையைத் திறக்கக்கோரிப் போராடிய விவசாயிகளை அறிந்த மண் இது. ஆனால் குறைந்துபோன அந்த ஒரு கிலோமீட்டருக்கு யாரும் திருடர் அல்லர். நாமோ வழக்கம்போல் பங்க்காரரைத் திட்டிக்கொண்டு அடுத்த பங்க்கைத் தேடிப் போவோம். மெய்யாகவே அளவில் ஏமாற்றுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான காலம் வேறில்லை: எல்லாப் பழியையும் எத்தனால்மேல் போட்டுவிடலாம்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் கொடுக்கல் வாங்கல் நேர்மையைப் போற்றுகிறது. வகுப்பில் நாம் அதைப் பெருமையோடு நடத்துகிறோம். ஆனால் நேர்மை என்பது விற்பவர் தனியே பேணும் குணம் அன்று. வாங்குபவர் கேட்டுக்கொண்டே இருப்பதால் நிலைபெறும் வழக்கம். ஆகவே நல்ல பங்க் எது என்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: அளவையைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்துவரும் பங்க்கே நல்ல பங்க். அதைக் கண்டறிய ஒரே வழி, ஒருமுறை கேட்பது.