மதகில்லாத கால்வாய்

பென்னாகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊரின் விண்ணப்பங்கள் பாதி அங்கே ஒரே கணினியில்தான் ஏறுகின்றன. ஆதார் நகல்களும் அதிலேயே கிடக்கின்றன. சுவரில் தொங்கும் ரூட்டரில் மட்டும், மாட்டிய நாள் முதல் யாரும் கைவைத்ததில்லை. "நெட் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்கிறார் கடைக்காரர். அது போதாது. இணையத்தில் தரவு பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகவே வந்துபோகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, பெரும்பாலும் எந்தச் சேவைக்கானது என்று காட்டும் போர்ட் எண்ணும் உண்டு. ரூட்டர் அவற்றை விதிப்பட்டியலோடு ஒப்பிடும். பெரும்பாலான ரூட்டர்களில் மேலிருந்து முதலில் பொருந்தும் விதியே முடிவு. 'எல்லாவற்றையும் விடு' என்பது உச்சியில் இருந்தால், அதற்குக் கீழே எழுதிய தடைகள் அத்தனையும் வீண். நாம் கேட்டதற்கு வரும் பதிலை முதல் வரியில் அனுமதியுங்கள். வெளியிலிருந்து தானாக வந்து தட்டுவதையெல்லாம் கடைசி வரியில் மறுத்துவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் 23-ஆம் போர்ட்டில், மாற்றப்படாத கடவுச்சொற்களைச் சொல்லியே நுழைந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் 445-ஆம் போர்ட் வழியே பரவியது. இந்தக் கடைக்கு அந்த இரண்டு போர்ட்டுகளுமே வெளியே திறந்திருக்கத் தேவையில்லை. பாரத்நெட் திட்டத்தின் இணைய ஒளியிழை ஊராட்சிகளை எட்டிவரும் காலம் இது. இணைப்புக் கொடுப்பவர்கள் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி, இந்த விதிகளையும் எழுதித் தர வேண்டும். மதகு வைக்காமல் ஏரியிலிருந்து கால்வாய் வெட்டும் வழக்கம் நம் ஊரில் இல்லை.