பழைய அத்திவாரமும் புதிய வீடும்

மலையகத் தோட்டமொன்றில் லயம் எரிந்தாலும் இடிந்தாலும் பெரும்பாலும் எழும் ஆலோசனை ஒன்றுண்டு. “அத்திவாரம் அப்படியே இருக்கிறது, அதன்மேற் கட்டினால் செலவு குறையும்” என்பதே அது. கேட்பதற்கு இனிய சொல். ஆனால், அந்த அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தவர் யார்? பார்த்தேன் என்று எழுதிக் கையொப்பமிட்டவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை அச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை.

பழைய அத்திவாரத்தை மீண்டும் பயன்படுத்துவது தவறென்பது நம் வாதமன்று. இலண்டன் மாநகரில் முந்திய கட்டடங்களின் அத்திவாரத் தூண்கள் நிலத்தடியை நிறைத்துக் கிடப்பதால், அவற்றைச் சோதித்துப் புதிய கட்டடத்தைத் தாங்கச் செய்யும் முறை வளர்ந்துள்ளது. ஐரோப்பிய ஆய்வாளர் 2006 இல் இதற்கெனக் கைநூலொன்றையே வெளியிட்டனர். பன்னெடுங்காலம் சுவரைச் சுமந்த மண் அமுங்கி இறுகியிருக்கும்; பழைய பாரத்தை மிஞ்சாத புதிய பாரத்தால் அது பெரிதும் தாழாது. இஃது உண்மையே.

ஆயினும் லயத்தின் கதை வேறு. ஒருமாடிச் சுவரையும் தகரக் கூரையையும் தாங்குவதற்கென்றே கருங்கல்லைச் சேற்றிலோ சுண்ணாம்பிலோ பதித்து இட்ட அத்திவாரங்கள் பல. அவற்றின்மேல் கொங்கிறீற் தட்டும் மேல்மாடியும் ஏறினால் பாரம் பன்மடங்காகும். பீலியில்லாக் கூரையின் நீரும் உடைந்த கானின் நீரும் கல்லிடைச் சாந்தைக் கரைத்து, அடிமண்ணையும் அரித்துச் செல்லும். மேலும், மலைச்சரிவை வெட்டி, அம்மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டிச் சமன் செய்த தளத்தில் நிற்கும் கட்டடத்தின் ஒரு பாதி வெட்டு மண்ணிலும் மறுபாதி கொட்டு மண்ணிலும் இருக்கும். கொட்டு மண் தாழத் தாழச் சுவர் நடுவே பிளக்கும்.

இவற்றையெல்லாம் அறிவது மந்திர வித்தையன்று. இருபக்கத்திலும் சோதனைக் குழி வெட்டி, அத்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளக்கலாம், சாந்தைக் கீறிப் பார்க்கலாம், அடிமண்ணைச் சோதிக்கலாம். வெடிப்பின் குறுக்கே சாந்துப் பட்டை பூசித் திகதியிட்டு, பருவமழை கழிந்தபின் அது பிளந்ததா எனக் காணலாம்.

ஆனால் அத்திவாரத்தைக் கேட்குமுன் மலையைக் கேட்க வேண்டும். மலையே நகர்ந்தால் எந்த அத்திவாரம் நிற்கும்? பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது, மக்கள் குடியேற்றப்படவில்லை, 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல் அதே பாடத்தை மலையகமெங்கும் மீண்டும் கற்பித்தது. இன்னும் எத்தனை முறை கற்பது?

நிலம் அரசினது, நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளினது, உயிர் மட்டும் தொழிலாளியினது! ஆதலின் ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைச் சுமத்தும் விளையாட்டு இனி வேண்டா. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனையின்றி எந்த லயமும் பழைய அத்திவாரத்தில் எழலாகாது. சோதனை அறிக்கை, துரையின் அலுமாரியில் உறங்காமல், தமிழில் எழுதப்பட்டு ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் சேரவேண்டும். சரிவு ஆபத்தானதெனில், பிள்ளைகளின் பள்ளிக்கும் வேலைத்தலத்துக்கும் எட்டிய மாற்றுக் காணி வேண்டும். கைவிடப்படும் அத்திவாரத்தின் கற்கள் வீணாகா. அணைச்சுவருக்கும் கானுக்கும் அவை உதவும்.

இறுதியாக ஒன்று. அத்திவாரம் உறுதியென்றே அறிக்கை வந்தாலும், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவின் அளவையே அது நம் மக்கள்மேல் மீண்டும் சுமத்தலாகாது. பழைய கல் இருக்கலாம்; பழைய அடிமைக்கோடு இருக்கலாகாது. தனி வீட்டுக்குக் கல்லும் மண்ணும் ஓர் அத்திவாரம். காணி உறுதி மற்றோர் அத்திவாரம். இரண்டையும் கேட்போம்!