ஒரு வயதுப் பேத்திக்கு ரோமாபுரி உலா!

குற்றாலத்தில் சாரல் என்றைக்கு விழும் என்று தென்காசி வட்டாரமே மேற்கு மலையைப் பார்த்துக் கொண்டிருக்கும் மாதம் மே. 2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசியிலோ, நாட்டின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து நம்மை இன்னும் மேற்கே பார்க்கச் சொல்லின. மலை தாண்டி, கடல் தாண்டி, இத்தாலி தேசத்தைப் பார்க்கச் சொல்லின. அங்கே என்ன விசேஷம்? ஒரு குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது!

யார் வீட்டுக் குழந்தை? ஸ்ரீமான் முகேஷ் அம்பானி அவர்களின் பேத்தி. இளைய மகனுக்கு ஜூலையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன்னோட்டமாக மார்ச் மாதமே குஜராத்தின் ஜாம்நகரில் மூன்று நாள் கொண்டாட்டம் நடந்து முடிந்தது. அது போதவில்லை. இரண்டாவது முன்னோட்டத்துக்கு ஒரு கப்பலைப் பிடித்தார்கள். பேத்தியின் முதல் பிறந்தநாளையும் அதிலேயே வைத்துக் கொண்டார்கள்.

பயணத் திட்டத்தைக் கேளுங்கள். மே 29ந் தேதி இத்தாலியின் பலர்மோ துறைமுகத்தில் புறப்பாடு. 30ந் தேதி ரோமாபுரியில் ஊர் சுற்றல். அன்றிரவே கப்பலில் 'டோகா' விருந்து. 31ந் தேதி மத்தியானம் பிறந்தநாள்; இரவு பிரான்ஸ் நாட்டுக் கான் நகரில் முகமூடி நடனம். ஜூன் 1ந் தேதி போர்ட்டோஃபினோ என்ற கடற்கரை ஊரில் பாட்டுக் கச்சேரி. எந்த வேளைக்கு எந்த மாதிரி உடுப்பு என்று அழைப்பிதழிலேயே உத்தரவு! மூவாயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பலில் விருந்தாளிகள் சுமார் 800 பேர் என்று பத்திரிகைகள் எழுதின.

ஐந்தாண்டுத் திட்டம் போட்ட திட்டக் கமிஷன்கூட இவ்வளவு நுணுக்கம் பார்த்திருக்காது. அந்தக் கமிஷனைத்தான் கலைப்பதாக 2014இல் அறிவித்து மூடி விட்டார்களே! திட்டம் போடுகிற கலையை இப்போது பிறந்தநாள் வீட்டார் எடுத்துக் கொண்டார்கள் போலும்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இந்தச் செய்தியை நாம் வாசித்துக் காட்டினோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வருகிற ஒரு தாய் கேட்டார்: "ஒரு வயசுப் பிள்ளைக்கு ரோமாபுரி எது, ராமநதி எது, என்ன தெரியும் அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. குழந்தை மேல் நமக்கு என்ன கோபம்? எந்தக் குழந்தையும் நன்றாக இருக்கட்டும். நம் வீடுகளிலும் பிறந்தநாள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முட்டாய். வீட்டில் கொஞ்சம் கேசரி. கையில் காசிருந்தால் புதுச் சட்டை. அந்த வாரக் கூலி கைக்கு வந்திருந்தால் பஸ் ஏறி ஐந்தருவியில் ஒரு குளியல், அப்படியே பிரானூர் பார்டர் வரை போய் ஒரு பரோட்டா. இதற்கே நாமும் மூன்று வாரம் முன்னால் திட்டம் போடுகிறோம். லீவு கிடைக்குமா, வேன் வாடகையைப் பங்கு போட ஆள் சேருமா என்று விரல்விட்டு எண்ணுகிறோம். ஆகவே பிறந்தநாளுக்குப் பயணம் போவது குற்றமல்ல. யார் காசில் போகிறார்கள் என்பதே விவகாரம்.

அடிமைகளின் ஊரில் 'டோகா' விருந்து

அதற்கு முன், அந்த 'டோகா' விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. டோகா என்பது பழைய ரோமாபுரியில் குடியுரிமை பெற்ற ஆடவர் உடம்பைச் சுற்றிப் போர்த்திய நீண்ட கம்பளித் துணி. அடிமைக்கு அதை உடுத்தும் உரிமை கிடையாது. ஒருவன் எஜமான் வர்க்கமா, அடிமை வர்க்கமா என்பதைத் தெருவிலேயே காட்டிக் கொடுத்த உடை அது. இருபத்தோராம் நூற்றாண்டில் நம் நாட்டுச் சீமான்கள் ரோமாபுரிக்குப் போய், அங்கிருந்த எத்தனையோ விஷயங்களில் எஜமான்களின் போர்வையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள்!

அதே ரோமாபுரிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. கி.மு. 73இல் காப்புவா என்ற ஊரில், எஜமான்களின் பொழுதுபோக்குக்காக வாள்சண்டை போட்டுச் சாவதற்கென்றே பழக்கப்பட்ட அடிமைகள் சிலர் தப்பி ஓடினார்கள். அவர்களின் தலைவன் ஸ்பார்ட்டகஸ். ஆயிரம் ஆயிரமாக அடிமைகள் அவனோடு சேர்ந்தார்கள். ரோமாபுரி அனுப்பிய படைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றோடின. இரண்டு வருஷங்களுக்குப் பின், கி.மு. 71இல், அந்த எழுச்சியை நசுக்கியவன் கிராசஸ். அவன் யார் தெரியுமா? ரோமாபுரியின் மகா கோடீஸ்வரர்களில் ஒருவன். பிடிபட்ட 6000 அடிமைகளைக் காப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். தென்காசியில் ஆரம்பித்தால் மதுரையையும் தாண்டிப் போகும் அந்தத் தூரம். ஊர் சுற்றிய விருந்தாளிகளுக்கு அந்தச் சாலையை யாராவது காட்டினார்களா?

நம் சீமைக்கும் அந்த நகரத்துக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. மேற்கு மலை மிளகும் கொற்கை முத்தும் கப்பலேறி ரோமாபுரிச் சீமாட்டிகளிடம் போயின. வருஷத்துக்கு 5 கோடி நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமாபுரிப் பிரமுகர் அங்கலாய்த்து எழுதி வைத்தார். ஆனால் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் யார்? தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது அதே காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவரின் குறிப்பு. மூச்சை அடக்கி மூழ்கியவன் கைதி. கழுத்தில் அணிந்தவள் சீமாட்டி. மலையேறி மிளகு பறித்தவனைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

"அவர் பணம், அவர் செலவு!"

இந்தப் பேச்சைத் தென்காசி டீக்கடையிலேயே கேட்கிறோம். "அவர் சம்பாதிக்கிறார், செலவழிக்கிறார். உனக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்கிறார்கள். சொல்கிறவர்களும் முதலாளிகள் அல்ல, நம்மவர்களே. ஆகவே கோபப்படாமல் கணக்கைச் சொல்லுவோம்.

கப்பல் கொண்டாட்டம் முடிந்தது 2024 ஜூன் 1. அதே ஜூன் 27இல் ஜியோ கம்பெனி கைபேசிக் கட்டணத்தை உயர்த்துவதாக அறிவித்தது. அடுத்த இரண்டு நாளுக்குள் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அறிவித்தன. போட்டிச் சந்தை என்கிறார்கள். உயர்த்துவதில் மட்டும் என்ன ஒற்றுமை! ஜூலை 3இல் உயர்வு அமலுக்கு வந்தது. ஜூலை 12இல் பம்பாயில் கல்யாணம்.

ஜியோவில் 155 ரூபாய் ரீசார்ஜ் 189 ஆனது. 239 ரூபாய் ரீசார்ஜ் 299 ஆனது. இரண்டும் 28 நாளைக்கு. காலண்டரில் வருஷத்துக்கு 12 மாதம். இந்த முதலாளிகளின் பஞ்சாங்கத்தில் 13 மாதம்! 60 ரூபாய் வீதம் 13 தடவை என்றால் வருஷத்துக்கு 780 ரூபாய் கூடுதல். நூறுநாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2024 ஏப்ரல் முதல் நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். ஆக, ஒரு விவசாயத் தொழிலாளி வருஷத்தில் இரண்டரை நாள் வெயிலில் மண் வெட்டியது, பழைய சேவைக்கே கூடுதல் கப்பமாகப் போகிறது. அதுவும் 319 முழுசாகக் கைக்கு வந்தால்!

'வேண்டாமென்றால் கைபேசியைத் தூக்கிப் போடு' என்பார்கள். எப்படிப் போடுவது? நூறுநாள் வேலைத்தளத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவே கைபேசிப் படத்தில்தான் நடந்தது. காண்டிராக்டர் நடவுக்கு ஆள் கூப்பிடுவதும் கைபேசியில். பம்பாய்க்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன மகன் பேசுவதும் அதில்தான். ரேஷன் அரிசி போல அதுவும் அத்தியாவசியப் பண்டமாகி விட்டது. ரேஷன் அரிசியைத் தமிழ்நாட்டில் சர்க்கார் விலையில்லாமல் கொடுக்கிறது. கைபேசிக்கு முதலாளி வைத்ததே விலை.

கம்பெனி தானே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கட்டண உயர்வுக்கு முந்திய காலாண்டில் ஒரு சந்தாதாரரிடமிருந்து ஜியோவுக்கு வந்த சராசரி மாத வருமானம் 181 ரூபாய் 70 காசு. 2024 டிசம்பரில் முடிந்த காலாண்டில் அது 203 ரூபாய் 30 காசு. ஒரு ஆளிடம் மாதம் 21 ரூபாய் 60 காசு அதிகம். சந்தாதாரர்கள் 48 கோடிப் பேர். பெருக்கிப் பாருங்கள், தோழர்களே! மாதம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கப்பலுக்கு ஆன செலவை அவர்கள் வெளியே சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். வரவு எங்கிருந்து என்பது தெரிந்தால் நமக்குப் போதும். மூன்று ரூபாய் முட்டாயைத் திருடினால் களவு. 21 ரூபாய் 60 காசை 48 கோடிப் பேரிடம் எடுத்தால் 'வளர்ச்சி'!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலை ஒரே மாதத்தில் பொதுத்துறையான பி.எஸ்.என்.எல்.லுக்குப் புதிதாகச் சேர்ந்த சந்தாதாரர்கள் சுமார் 29 லட்சம். ஜியோ 7 லட்சத்துக்கு மேல் இழந்தது. ஆனால் வந்தவர்களைத் தக்கவைக்க பி.எஸ்.என்.எல்.லிடம் என்ன இருந்தது? 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி சேவையோடு பிறந்தபோது அதன் விளம்பரத்தில் பிரதம மந்திரியின் படம் வந்தது. சர்க்காரின் சொந்தக் கம்பெனி நாடு முழுவதும் 4ஜி தொடங்க 2025 செப்டம்பர் வரை காத்துக் கிடந்தது. ஒன்பது வருஷம்! சொந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பந்தி வைத்த கதை.

இன்னொரு வாதமும் உண்டு. பணக்காரர் செலவழித்தால் பலருக்கு வேலை கிடைக்குமாம். கப்பல் கட்டியது பிரான்சில். கப்பல் கம்பெனி அமெரிக்காவில். காசு இறங்கியது இத்தாலியிலும் பிரான்சிலும். நம் நாட்டில் யார் அடுப்பு எரிந்தது? 2023 நவம்பரில்தான் பிரதமர் மோடி வானொலியில் 'கல்யாணங்களை வெளிநாட்டில் வைக்காதீர்கள், உள்நாட்டிலேயே நடத்துங்கள்' என்று பணக்காரர்களிடம் கேட்டுக் கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கப்பல் ஐரோப்பாவில்! அது கல்யாணமல்ல, முன்னோட்டந்தானே என்று சமாதானம் சொல்லலாம். 2024 ஜூலை 13இல் பிரதமரே நேரில் போய் மணமக்களை ஆசீர்வதித்து விட்டு வந்தார்.

மார்ச் மாத ஜாம்நகர் விருந்துக்கு இந்தச் சர்க்கார் காட்டிய சுறுசுறுப்பையும் மறக்க முடியாது. வெளிநாட்டு விருந்தாளிகள் நேரே வந்திறங்க, அந்த ஊர் விமான நிலையத்துக்குப் பத்து நாள் சர்வதேச அந்தஸ்து! செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜ் ரயிலை 2010இல் நிறுத்தினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கூலிக்குப் போகிறவர்களும் வியாபாரிகளும் நம்பியிருந்த பாதை. அகலப்பாதை முழுதும் திறந்தபோது வருஷம் 2018. நமக்கு எட்டு வருஷம்!

ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்ததா?

ஆலைத் தொழிலாளி குற்றாலத்துக்கு வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. தூத்துக்குடி கோரல் மில்லில் ஆணும் பெண்ணும் சிறுவர்களும் வார ஓய்வில்லாமல் உழைத்த காலம் இருந்தது. மில்லை நடத்தியது ஹார்வி கம்பெனி. பாபநாசத்துத் தண்ணீரின் வேகத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் ஓடிய ஆலையும் அவர்களுடையதே. அருவி நம்முடையது, லாபம் ஸ்காட்லாந்துக்காரருடையது! 1908 பிப்ரவரி 27இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னிற்க, கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் கிடைத்த பிறகே உள்ளே போனார்கள். அடுத்த சில நாளில், மார்ச் 12இல், வ.உ.சி. கைதானார். வாரத்தில் ஒரு நாள் கால் நீட்டி உட்காருவதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை அது.

அது பழங்கதையுமல்ல. 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். கண்ணயர்ந்திருந்தால் குற்றாலமும் போயிருக்கும், பிள்ளையின் பிறந்தநாளும் போயிருக்கும்.

அப்படிப் போராடிப் பெற்ற ஓய்வுநாளில் நம் ஜனங்கள் வந்து சேரும் அருவிக்கரையில் அவர்கள் உயிருக்கு என்ன காவல்? 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் குளித்துக் கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று காட்டு வெள்ளம் பாய்ந்தது. கூட்டம் அலறியடித்து ஓடியது. பதினேழு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக் கொண்டு போய்ப் பிணமாகப் போட்டது. அந்தக் கப்பல் பலர்மோவில் நங்கூரம் தூக்கியது அதற்குப் பன்னிரண்டாம் நாள்.

குற்றாலம் ஏழைகளின் ரோமாபுரி. அங்கே பிறந்தநாள் கொண்டாட அழைப்பிதழும் வேண்டாம், உடுப்பு உத்தரவும் வேண்டாம். துண்டு ஒன்று போதும். ஒவ்வொரு அருவிக்கும் மேலே காட்டுக்குள் மழைமானியும், கீழே அபாயச் சங்கும், அதை ஊதுவதற்கு ராப்பகல் ஆளும் வேண்டும். பெண்கள் உடை மாற்றக் காசு கேட்காத அறைகள் வேண்டும். சீசன் மாதங்களில் ஞாயிறுதோறும் ராஜபாளையம், சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் பக்கங்களிலிருந்து கூடுதல் பஸ் வேண்டும். நம் ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவாக எழுதி, தென்காசி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போய்க் கொடுக்க வேண்டும். அடுத்த சாரல் விழுவதற்கு முன்னால்.